நீச்சற் குளத்தில் மீண்டும் மாணவராய்

புறநானூற்றின் 243ஆம் பாடலை வகுப்பறையில் நடத்தாத தமிழாசிரியர் அரியர். பூண் கட்டிய தலையையுடைய ஊன்றுகோலைத் தம் பாட்டில் வைத்தமையால் தொடித்தலை விழுத்தண்டினார் என்றே பெயர் பெற்ற புலவர் பாடியது அது. கோலூன்றி நடுங்கி நடக்கும் முதியவர் ஒருவர், இருமலுக்கிடையே சில சொற்களே பேச வல்லவராய், தம் இளமையை நினைந்து இரங்குகிறார். கள்ளமறியாத தோழர்களோடு நீர்த்துறைக்குச் சென்றதையும், நீரை நோக்கித் தாழ்ந்த மருத மரக் கிளையில் ஏறியதையும், கரையில் நின்றோர் வியக்க ஆழ்மடுவில் பாய்ந்து அடிமணலை அள்ளி வந்ததையும் எண்ணுகிறார். அந்த இளமை எங்கே போயிற்று என்று ஏங்குகிறார்.

நாமும் இப்பாடலைப் பல்லாண்டுகள் நடத்தியிருக்கிறோம். திணை பொதுவியல், துறை கையறுநிலை என்று கரும்பலகையில் எழுதி, இளமையின் நிலையாமையை விளக்கிவிட்டு அடுத்த பாடலுக்குச் சென்றிருக்கிறோம். நீந்துதல் இளையோர்க்கு உரியது. முதியோர்க்கு உரியது நினைத்துப் பார்த்தல் ஒன்றே என்னும் கருத்து நம் உள்ளத்தில் ஐயமின்றிக் குடியிருந்தது. 48ஆம் வயதில், பயிற்றுநரின் கீழ் இயங்கும் வளர்ந்தோர் நீச்சற் குழு ஒன்றில் நாம் சேர்ந்த பின்னரே அக்கருத்தை மீண்டும் எண்ணிப் பார்க்க நேர்ந்தது. அத்தகைய குழு என்பது யாது, அதில் சேர்வோர் எதனைக் கற்கின்றனர், எதனை மறக்கக் கற்கின்றனர் என்பவற்றை மாணவச் செல்வங்களுக்கும் பெரியோர்க்கும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாஸ்டர்ஸ் நீச்சலின் தோற்றம்

நீச்சற் போட்டி என்றவுடன் பள்ளி, கல்லூரிப் பருவத்து இளைஞரே நம் நினைவுக்கு வருவர். நெடுங்காலம் உலகெங்கும் நிலைமை அவ்வாறே இருந்தது. கல்லூரியை விட்டு வெளியேறிய நீச்சல் வீரன் குளத்தையும் விட்டு வெளியேறினான். உழைப்பும் குடும்பமும் அவனைப் பற்றிக்கொண்டன, உடல் பருத்தது, பதக்கங்கள் மட்டும் சுவரில் எஞ்சின.

இந்நிலையை மாற்ற முனைந்தவர் அமெரிக்கக் கடற்படையில் மருத்துவராய் இருந்த ரான்சம் ஆர்தர். உடற்பயிற்சி நல்லது என்று அறிவுரை கூறினால் மட்டும் போதாது. வளர்ந்தோர்க்கும் ஒரு குறிக்கோள் வேண்டும். போட்டி ஒன்று காத்திருந்தால் அவர்கள் ஆண்டு முழுதும் பயிற்சி செய்வர் என்று அவர் கருதினார். பயிற்றுநர் ஜான் ஸ்பானத் அவருக்குத் துணை நின்றார். 1970ஆம் ஆண்டு மே மாதம் டெக்சாஸ் மாநிலத்து அமரில்லோ நகரில் வளர்ந்தோர்க்கான முதல் தேசியப் போட்டி நடைபெற்றது. அதில் நீந்தியவர்கள் ஐம்பதுக்கும் குறைவானவர்களே. அச்சிறு கூட்டத்திலிருந்து வளர்ந்ததே இன்று உலகெங்கும் மாஸ்டர்ஸ் நீச்சல் என்று வழங்கும் இயக்கம். பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 1986இல், அந்நாளில் ஃபீனா என்று அழைக்கப்பட்ட உலக நீச்சல் கூட்டமைப்பின் முதல் மாஸ்டர்ஸ் உலகப் போட்டி டோக்கியோவில் நடைபெற்றது.

இப்போட்டிகளின் விதிகளில் இரண்டு நம் சிந்தனைக்கு உரியவை. முதலாவது, வயதுப் பிரிவு. 25 முதல் 29 வரை ஒரு பிரிவு, 30 முதல் 34 வரை மற்றொன்று என ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரித்து, அவ்வப்பிரிவினரைத் தமக்குள்ளேயே போட்டியிடச் செய்கின்றனர். இதனால் ஒரு வியப்பான பயன் விளைகிறது. பொதுவாக ஐம்பதாம் பிறந்த நாள் மனிதரை வருத்தும். மாஸ்டர்ஸ் நீச்சல் வீரரையோ அது மகிழ்விக்கும். நேற்றுவரை 45 முதல் 49 வரையுள்ள பிரிவில் மூத்தவராக இருந்தவர், இன்று 50 முதல் 54 வரையுள்ள பிரிவில் இளையவராகிவிடுகிறார் அல்லவா? இரண்டாவது, தொடர் நீச்சல் பற்றியது. நால்வர் சேர்ந்து நீந்தும் உலகப் போட்டிகளில் நால்வரின் வயதையும் கூட்டி வரும் தொகையைக் கொண்டே பிரிவு அமைகிறது. 160 முதல் 199 வரை ஒரு பிரிவு, 200 முதல் 239 வரை ஒரு பிரிவு என்றவாறு அது செல்லும். ஆகவே, குழுவில் ஒரு முதியவர் இருப்பது சுமையாகாது. அவருடைய வயதும் ஒரு முதலாகக் கணக்கில் ஏறுகிறது. மூத்தோரை ஒதுக்காமல் அவர்தம் ஆண்டுகளையே எண்ணிச் சேர்த்துக்கொள்ளும் விளையாட்டுகள் மிகச் சிலவே.

ஜப்பானிய மூதாட்டி மியெக்கோ நகவோக்கா 1914இல் பிறந்தவர். முழங்கால் நலம்பெற வேண்டி, எண்பது வயதையொட்டிய முதுமையிலேதான் அவர் நீச்சலை மேற்கொண்டார். 2015ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், தம் நூறாம் வயதில், 25 மீட்டர் குளத்தில் 1,500 மீட்டர் தொலைவை 1 மணி 15 நிமிடம் 54.39 நொடியில் நீந்தி முடித்தார். நூறு வயது நிறைந்தோருள் இத்தொலைவைப் போட்டியில் முடித்த முதல் மனிதர் அவரே. இத்தகைய அருஞ்செயல் எல்லோர்க்கும் கைகூடும் என்று நாம் கூற வரவில்லை. எண்பதிலும் தொடங்கலாம் என்பதற்கு அவர் சான்று. அவ்வளவே நாம் கொள்ளத்தக்கது.

அறிந்த நீச்சலும் அறியாத நீச்சலும்

வளர்ந்தோர் குழுவில் சேர்வதற்குப் போட்டி எண்ணம் வேண்டுவதில்லை. பெரும்பாலோர் உடல் நலம் கருதியே வருகின்றனர். ஆயினும் இது நீச்சலின் அரிச்சுவடி வகுப்பு அன்று. நீரில் அச்சமின்றி மிதக்கவும், குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தம் முயற்சியால் செல்லவும் வல்லவரே இதில் சேர்வர். அதுவும் தெரியாதோர் முதலில் தொடக்கநிலை வகுப்பில் பயில வேண்டும். அவ்வாறு பயில்வது இழிவன்று.

நாம் சிற்றூர்க் கிணற்றில் நீந்தப் பழகியவர்கள். சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி, மாமன் கிணற்றுக்குள் தள்ளிவிட, கையையும் காலையும் அடித்துக் கரையேறிய பரம்பரை நம்முடையது. ஆகவே, நீச்சல் நமக்குத் தெரியும் என்னும் பெருமிதத்தோடுதான் குழுவில் சேர்ந்தோம். முதல் நாள், 50 மீட்டர் நீந்தி மறுமுனையில் மூச்சிரைக்க நின்ற நம்மைப் பார்த்துப் பயிற்றுநர் கூறினார்: "சார், உங்களுக்கு நீந்தத் தெரியும். ஆனா தண்ணியோட சண்டை போடறீங்க."

அவர் கூறியதன் பொருளை விளங்கிக்கொள்ள நீரின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். நீர், காற்றைப்போல் ஏறத்தாழ 800 மடங்கு செறிவுடையது. அதனுள் செல்லும் உடலை அது பின்னுக்குத் தள்ளுகிறது. வேகத்தை இரு மடங்காக்கினால் அத்தடை ஏறத்தாழ நான்கு மடங்காகும். அதனை வெல்லச் செலவிட வேண்டிய ஆற்றலோ எட்டு மடங்காகும். எனவே, வெறும் தோள்வலிமையால் நீரை வெல்ல முனைவோன் விரைவில் களைப்பான். தடையைக் குறைக்கும் வகையில் உடலை அமைத்துக்கொள்வோனே நெடுந்தொலைவு செல்வான்.

கிணற்றில் பழகிய நாம் தலையை நீருக்கு மேலே நிமிர்த்தியே நீந்தினோம். திசை பார்க்கவும் மூச்சு வாங்கவும் கிணற்றில் அது போதுமானதாக இருந்தது. ஆனால், காற்று நிறைந்த மார்பு மிதவைபோல் எழும்ப, இடுப்பும் கால்களும் இயல்பாகவே கீழே தாழும் அமைப்புடையது மனித உடல். நான்கைந்து கிலோ எடையுள்ள தலையை நீருக்கு வெளியே தூக்கினால் கால்கள் மேலும் தாழ்கின்றன. உடல் சாய்ந்து நிற்க, நீர் அதன்மேல் மோதுகிறது. பயிற்றுநர் சொன்ன தண்ணீர்ச் சண்டை இதுவே. "தலையைத் தண்ணியில வைங்க சார், கால் தானா மேலே வரும்" என்றார் அவர். நாற்பது ஆண்டு வழக்கத்தை விட்டு, முகத்தை நீருக்குள் ஆழ்த்திக் குளத்தின் அடியை நோக்கியபோது கால்கள் தாமே மேலெழுந்தன. அதனை நாம் முதன்முதலாக உணர்ந்த கணத்தை எளிதில் மறத்தற்கில்லை.

மூச்சும் அவ்வாறே. நீருக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு, தலையை வெளியே எடுத்தபின் விடவும் வாங்கவும் ஒருசேர முயல்வது பழகாதோரின் பொதுப் பிழை. மூச்சு முட்டுவதாக நாம் உணர்வதற்குப் பெரும்பாலும் காரணம் உடலில் சேரும் கரியமில வாயுவே. ஆதலின், முகம் நீருக்குள் இருக்கும்போதே மூச்சைச் சீராக வெளியே விட்டுவிட வேண்டும். முகம் பக்கவாட்டில் திரும்பும் சிறுபொழுதில் உள்ளே வாங்குதல் மட்டுமே எஞ்சும். இவ்வொரு மாற்றத்தால், 50 மீட்டரில் இளைத்து நின்ற நாம், சில வாரங்களில் 200 மீட்டரை நிற்காமல் நீந்தினோம். தோளில் புதிய வலிமை ஏதும் அதற்குள் வந்துவிடவில்லை. பிழை ஒன்று நீங்கியது.

பயிற்றுநர் எதற்கு என்னும் வினாவிற்கு இதுவே விடை. எழுதுவோன் தன் எழுத்தைத் தானே படித்துத் திருத்தலாம். நீந்துவோன் தன் உடலைத் தான் காண இயலாது. கை தலைக்கு நேரே குறுக்காக விழுவதையும், கால் சைக்கிள் மிதிப்பதுபோல் மடங்குவதையும் அவன் அறியான். தான் செம்மையாக நீந்துவதாகவே எண்ணுவான். பல்லாண்டு தனியே நீந்துவோர் பல்லாண்டு அதே பிழையையே உறுதிப்படுத்திக்கொள்கின்றனர். கரையில் நின்று காணும் ஒரு கண் அதனை ஒரு நிமிடத்தில் கண்டுவிடுகிறது.

ஒரு மணி நேரப் பயிற்சி

குழுவின் பயிற்சி பெரும்பாலும் ஒரு மணி நேரம் நடைபெறும். அன்றைய பயிற்சியைப் பயிற்றுநர் பலகை ஒன்றில் எழுதி வைத்திருப்பார். அதனை நான்கு பகுதிகளாகப் பிரித்து அறியலாம்.

முதற்பகுதி உடலைச் சூடேற்றுவது. 200 அல்லது 300 மீட்டர் விரைவின்றி நீந்தி, மூட்டுகளையும் மூச்சையும் ஆயத்தம் செய்வர். இரண்டாவது, உறுப்புப் பயிற்சி. ஒரு கையை நீட்டி வைத்து மறுகையால் மட்டும் நீந்துதல், மிதப்புப் பலகையைப் பற்றிக் காலை மட்டும் அடித்தல், பக்கவாட்டில் மிதந்து மூச்சு வாங்குதல் போன்றவை இதில் அடங்கும். இலக்கணம் கற்போர் எழுத்தையும் சொல்லையும் தனித்தனியே பயின்று, பின்னர்த் தொடரில் சேர்ப்பது போன்றது இது. மூன்றாவதே அன்றைய பயிற்சியின் உயிர்நாடி. நான்காவது, மெதுவாக நீந்தி இதயத் துடிப்பைத் தணிப்பது. விரைந்து வீடு திரும்ப எண்ணி இதனை விட்டுவிடுவோர் உண்டு; விடலாகாது.

உயிர்நாடி என்று கூறிய மூன்றாம் பகுதியைச் சற்று விளக்குவோம். பலகையில் "10 × 50, 1.30" என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். 50 மீட்டரைப் பத்து முறை நீந்த வேண்டும்; ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை புறப்பட வேண்டும் என்பது இதன் பொருள். குளக்கரையில் பெரிய கடிகாரம் ஒன்று இருக்கும். அதன் நொடி முள் நிமிடத்துக்கு ஒரு சுற்று வரும். அம்முள்ளைப் பார்த்தே அனைவரும் புறப்படுவர். ஒருவர் 50 மீட்டரை 1 நிமிடம் 10 நொடியில் முடித்தால் 20 நொடி ஓய்வு கிடைக்கும். 1 நிமிடம் 5 நொடியில் முடித்தால் 25 நொடி கிடைக்கும். முதல் இரண்டில் ஆர்வத்தால் விரைந்துவிட்டால் எட்டாவதில் ஓய்வே இராது. பத்தையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் முடிப்பதே திறமை. நாம் முதல் மாதத்தில் நான்கு முடித்துக் குளச்சுவரைப் பற்றிக்கொண்டு நின்றோம். தம் ஆற்றலை அளந்தறியாது செலவிடுவோர்க்கு அக்கடிகாரம் போன்ற ஆசான் வேறில்லை.

தனியே நீந்துவோர் இதனைச் செய்வதரிது. களைப்பு வந்தவுடன் நிற்பர். ஓய்வைத் தம் விருப்பம்போல் நீட்டுவர். குழுவில் முன்னால் செல்வோரும் பின்னால் வருவோரும் நம்மைத் தாங்கிச் செல்கின்றனர். இன்று போதும் என்று உள்ளம் கூறும்போது, பக்கத்தில் நிற்பவர் புறப்பட, நம் கால்களும் சுவரை உதைத்துவிடுகின்றன.

தடத்தின் ஒழுக்கம்

மிதவைக் கயிறுகளால் குளத்தைத் தடங்களாகப் பிரித்திருப்பர். ஒரே தடத்தில் நால்வரோ ஐவரோ நீந்த வேண்டியிருப்பதால் சில ஒழுங்குகள் இன்றியமையாதவை. தடத்தின் ஒரு பக்கமாகச் சென்று மறுபக்கமாகத் திரும்ப வேண்டும். முன்னவர் புறப்பட்டு ஐந்து நொடி கழிந்த பின்னரே அடுத்தவர் புறப்பட வேண்டும். விரைந்து வருவோர் முன்னவரின் பாதத்தை மெல்லத் தொட்டால், அவர் அடுத்த சுவரில் ஒதுங்கி வழிவிட வேண்டும். நிற்க வேண்டுமெனில் சுவரின் மூலையில் ஒதுங்கி நிற்க வேண்டும்; நடுவில் நின்று பிறர் திரும்புவதைத் தடுத்தல் கூடாது.

தடங்கள் வேகத்தின்படியே பிரிக்கப்படுகின்றன. வயதோ பதவியோ அங்கே செல்லாது. நம்மோடு ஒரே தடத்தில் நீந்தியவர்களுள் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற 63 வயதுப் பெரியவர் ஒருவரும் இருந்தார். தடத்தை முன்னடத்தியவர் அவர். இறுதியில் வந்தவர் நாம். நம் பாதத்தைத் தொடும் வாய்ப்புக்கூட எவர்க்கும் ஏற்படவில்லை. நமக்குப் பின்னே ஒருவருமில்லை. அவர் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் காத்திருந்து, "வாங்க தம்பி, இன்னும் ரெண்டுதான்" என்பார். இருபது ஆண்டுகளாக நம்மைத் தம்பி என்று அழைத்தவர் எவருமிலர்.

நாணம் என்னும் தடை

வளர்ந்தோர் இத்தகைய குழுவில் சேர்வதைத் தடுப்பது நேரமின்மையோ பொருட்குறையோ மட்டுமன்று. நாணமே பெருந்தடை. இல்லத்தில் தந்தையாகவும், வகுப்பில் ஆசிரியராகவும், ஊரில் பெரியவராகவும் மதிக்கப்படும் ஒருவர், தம் மகனின் வயதுடைய பயிற்றுநர் முன் ஈரத்தோடு நின்று, "மறுபடியும் தப்பு" என்னும் சொல்லைக் கேட்க வேண்டியுள்ளது.

நமக்கு அது மேலும் கூர்மையாக நேர்ந்தது. மூன்றாம் நாள், மூச்சடைத்து நீரைக் குடித்து இருமி நின்றபோது, அடுத்த தடத்தில் நீச்சல் கண்ணாடியை உயர்த்தி, "சார், நீங்களா?" என்று ஓர் இளைஞன் வினவினான். நம்மிடம் தமிழ் பயிலும் மாணவன் அவன். யாப்பிலக்கணத் தேர்வில் குறைந்த மதிப்பெண் பெற்றமைக்காக முந்தைய வாரம்தான் அவனைக் கடிந்திருந்தோம். "அசையும் சீரும் காதில் விழவில்லையா?" என்று வகுப்பறிய நாம் கேட்டது அப்போது நம் நினைவுக்கு வந்தது. குளத்தில் அவன் நீந்தியதோ நாம் கண்டறியாத ஒத்திசையோடு இருந்தது. கையின் வீச்சும் காலின் அடியும் மூச்சின் திருப்பமும் தளை தட்டாத வெண்பாவெனச் சென்றன. அவன் செவியில் ஓசை உண்டு. அதனைத் தாளில் காண நாம் வழிகாட்டத் தவறியிருந்தோம்.

மறுநாள் குளத்திற்குச் செல்வதில்லை என்றே முடிவு செய்தோம். அவன் நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பான் என்னும் அச்சம் நம்மை வாட்டியது. ஆயினும், பிழை செய்யாமல் கற்க முடியாது என்று ஆண்டுதோறும் மாணவர்க்குச் சொல்லி வந்தது நாமே அன்றோ? தாம் பின்பற்றாத ஒன்றைப் பிறர்க்குச் சொல்வது எங்ஙனம்? ஆகவே சென்றோம். அவன் சிரிக்கவில்லை. மூச்சை நீருக்குள் குமிழி குமிழியாக விடும் முறையைச் சுவரைப் பிடித்தபடி செய்து காட்டினான். அவனுடைய தயக்கம் நீங்கியது. நம்முடைய நாணமும் குறைந்தது. அந்தப் பருவத்தில் யாப்பிலக்கணத்தை வேறு வகையில் நடத்தினோம். கடைசி வரிசையில் தலை குனிந்திருக்கும் மாணவனிடம், எளிதுதானே என்று கூறுவதை விட்டோம். தெரியாத ஒன்றின்முன் நிற்பவனுக்கு அது எளிதாக இராது என்பதை நம் உடலே நமக்குக் கற்பித்திருந்தது.

உடல்நலமும் எச்சரிக்கையும்

வளர்ந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு மேற்கொள்ளுதல் நன்று என்பது 2020இல் உலக நலவாழ்வு நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல். வாரத்தில் மூன்று நாள் பயிற்சி இதனை நிறைவு செய்யும். நீர் உடலின் எடையைத் தாங்குவதால், ஓட இயலாத முழங்காலுடையோர்க்கும் நீச்சல் பெரும்பாலும் ஏற்றதாகிறது.

ஆயினும் சில எச்சரிக்கைகள் உள. நாற்பதைக் கடந்தோரும், இரத்த அழுத்தம், நீரிழிவு, இதய நோய் உடையோரும் மருத்துவரைக் கலந்த பின்னரே சேர வேண்டும். தோள்மூட்டில் வலி தோன்றினால் மறைக்காமல் பயிற்றுநரிடம் கூற வேண்டும். பெரும்பாலும் கை விழும் முறையில் பிழை இருக்கும். யாவற்றினும் மேலாக, நீருக்கடியில் யார் நெடுநேரம் மூச்சடக்குவார் என்னும் பந்தயத்தில் எவரும் இறங்கலாகாது. விரைந்து பலமுறை மூச்சு வாங்கிவிட்டு மூழ்கினால், உடலில் கரியமில வாயு குறைந்து, மூச்சு முட்டும் உணர்வே தோன்றாது. அவ்வெச்சரிக்கை கிட்டாமலே மயக்கம் வந்துவிடும். நன்கு நீந்த வல்லாரும் இவ்வாறு இறந்துபட்டதுண்டு. மாணவர்கள் இதனை மனத்தில் இருத்துக.

உடை பற்றிப் பெரியோர் சிலர் வினவுவதுண்டு. 2010 முதல் நடப்பில் உள்ள உலகப் போட்டி விதிகளின்படியே ஆடவரின் நீச்சலுடை தொப்புளுக்குக் கீழிருந்து முழங்கால்வரை அமையலாம். பயிற்சியில் அவ்வரம்பும் இல்லை. மேற்சட்டை அணிந்தே நீந்துவோர் பலர். உடல் முழுதும் மறைக்கும் நீச்சலுடைகள் பெண்களுக்கு இன்று கிடைக்கின்றன. மகளிர்க்கெனத் தனி நேரமும் பெண் பயிற்றுநரும் அமைத்துக் கொடுத்தல் பொறுப்பிலுள்ளோர் செய்யத்தக்க பணி. ஒன்று மட்டும் நினைவிற் கொள்க: தளர்ந்த பருத்தி ஆடை நீரை உறிஞ்சிக் கனத்து, கையையும் காலையும் பற்றி இழுக்கும். நீச்சலுக்கென நெய்த துணியே ஏற்றது.

பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிக்குமாறு கலீஃபா உமர் அவர்கள் அறிவுறுத்தியதாக வழங்கும் செய்தியை நம் பெரியோர் அறிவர். 2021ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர் என்று உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களுள் ஏறத்தாழக் கால் பங்கினர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். நீரைக் கண்டு அஞ்சும் பெற்றோர் பிள்ளைகளையும் நீரிலிருந்து விலக்கியே வளர்ப்பர். தாம் இறங்கிக் கற்கும் பெற்றோரின் பிள்ளைகள் குளத்தின் படிகளில் தாமே வந்து அமர்வர்.

நிறைவுரை

பத்து முறை 50 மீட்டரை நாம் ஒரே சீராக முடித்த நாள், குழுவில் சேர்ந்து ஏழு மாதங்கள் கழித்து வந்தது. அதனைப் பெருஞ்செயலென்று கூற மாட்டோம். அத்தடத்தில் அதனை எளிதாகச் செய்வோர் மூவர் இருந்தனர். எனினும், பத்தாவது முறை சுவரைத் தொட்டு நிமிர்ந்தபோது 63 வயதுப் பெரியவர் கைதட்டினார். கரையில் நின்ற பயிற்றுநர் பலகையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அடுத்த தடத்திலிருந்து நம் மாணவன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

அன்று மாலை புறநானூற்றை எடுத்து 243ஆம் பாடலை மீண்டும் படித்தோம். இத்தனை ஆண்டுகள் நடத்தியும் நாம் கருதாது விட்ட ஒன்று அப்போது தென்பட்டது. அம்முதியவர் இழந்தது உடல்வலிமை மட்டுமன்று. கள்ளமற்ற தோழர் கூட்டம் அவர் நினைவில் வருகிறது. கரையில் நின்று வியந்தோரும் வருகின்றனர். இன்று அவர் கையில் எஞ்சியிருப்பது கோல் ஒன்றே. உடன் நீந்துவாரும் இல்லை, கரையில் நின்று காண்பாரும் இல்லை. முதுமையின் துயரில் பெரும்பகுதி அத்தனிமையே என்பதை அப்பாடல் உணர்த்துவதாக இப்போது நாம் கொள்கிறோம்.

இளமையை மீட்டுத் தர எந்தப் பயிற்றுநராலும் இயலாது. ஆனால், உடன் நீந்தத் தோழரையும், கரையில் நின்று காண ஒரு கண்ணையும் எவ்வயதினரும் மீண்டும் பெறலாம். அவற்றைப் பெற நாம் செலுத்த வேண்டிய விலை ஒன்றே: எல்லாம் தெரிந்தவர் என்னும் மதிப்பை ஒரு மணி நேரம் ஆடையோடு சேர்த்துக் கழற்றி வைத்தல். மாணவச் செல்வங்களே, உங்கள் தந்தையோ ஆசிரியரோ ஒருநாள் குளக்கரையில் தயங்கி நிற்கக் கண்டால் சிரிக்காதீர்கள். தடத்தில் சற்று ஒதுங்கி இடம் கொடுங்கள். பெரியோர்களே, இடம் இருக்கிறது, இறங்கி வாருங்கள்.